செக்ரோலில் பேர் இருந்தால் போதுமா?

வேலையற்றோர் பிரச்னை என்றதும் நம் நினைவுக்கு வருபவன் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் நிற்கும் இளைஞன். அவன் கவலை பெரிது. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் இருபது, முப்பது வருடம் உழைத்து, நடுவயதுக்கு மேல் தன் குற்றம் எதுவும் இல்லாமல் வேலை பறிபோய், வருடக் கணக்கில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. அவனுக்குப் பட்டமும் இல்லை, சங்கத்தில் பழைய செல்வாக்கும் இல்லை. அவனை மறுபடி வேலையில் அமர்த்துவதற்கு நம் சர்க்கார்கள் என்ன செய்துள்ளன, என்ன செய்யத் தவறிவிட்டன என்பதைக் கணக்குப் பார்ப்பது அவசியமாகிறது.

இந்தக் கணக்கைத் தொடங்கக் கல்லாற்றை விடப் பொருத்தமான இடம் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் பாதையில், 22 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்கும் அடிவாரம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்முட்டி அருவிக்கும் பொன்முடிக்கும் வண்டி வண்டியாக ஜனங்கள் போகிறார்கள். தேயிலைச் செடிகளின் நடுவே நின்று படம் எடுத்துக் கொண்டு திரும்புகிறார்கள். அந்த வட்டாரத்தின் மலைத் தோட்டங்களைத் தங்கள் கையால் உண்டாக்கியவர்களின் சந்ததியார் என்ன ஆனார்கள் என்று கேட்பவர் குறைவு. விதுராவிலிருந்து வேறொரு பாதையில் ஏறினால் போனக்காடு. அகஸ்தியர்கூடத்திற்கு மலையேறுகிறவர்கள் புறப்படும் இடம் அதுதான். அங்கே தேயிலைத் தோட்டம் புதர் மண்டிக் கிடக்கிறது. தொழிற்சாலை ஓய்ந்து விட்டது. லயங்களில் குடும்பங்கள் இருக்கின்றன. கூலி பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி என்று ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

அவர்களில் கணிசமானோர் தமிழர். வெள்ளைக்காரத் துரைகள் காட்டைத் திருத்திக் காப்பியும் தேயிலையும் போட்ட காலத்தில், கங்காணிகள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆள் திரட்டிக் கூட்டி வந்தார்கள். தோவாளை, கல்குளம் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கோ அன்று அது வெளியூரே அல்ல; திருவிதாங்கூர் என்ற ஒரே ராஜ்யத்தின் இன்னொரு மூலை. 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. நெடுமங்காடு தாலுகா கேரளத்தில் நின்றது. மலைமேல் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து, பிற மாநிலத்தார் என்று பெயர் வாங்கிக் கொண்டார்கள்.

தேயிலைத் தொழிலின் வீழ்ச்சி 1990-களின் இறுதியில் ஆரம்பமாயிற்று. விலை சரிந்தது, பழைய செடிகளைப் பிடுங்கிப் புதுச் செடி நடாத தோட்டங்கள் தாக்குப்பிடிக்கவில்லை. இடுக்கி மாவட்டத்தில் பீருமேடு வட்டாரத்துத் தோட்டங்கள் சில 2000-ம் வருடத்தில் கைவிடப்பட்டன. இங்கே ஒரு நுட்பமான விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தோட்டங்கள் பல ‘மூடப்படவில்லை’, ‘கைவிடப்பட்டன’. நிர்வாகம் மலையை விட்டு இறங்கிப் போய்விட்டது, அவ்வளவே. வித்தியாசம் வார்த்தையில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரு தொழிலாளிக்குச் சேர வேண்டிய அத்தனை உரிமையும் அந்த இரண்டு சொற்களுக்கு இடையில்தான் சிக்கிக் கிடக்கிறது.

1976-ல் தொழில் தகராறு சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் ஆலை, சுரங்கம், தோட்டம் எதையும் அரசின் முன் அனுமதி இல்லாமல் மூடக் கூடாது என்பது அதன் சாரம். மூடினால் ஒவ்வொரு வருட சர்வீசுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு தர வேண்டும். கிராஜுவிட்டி வேறு இருக்கிறது. 1972-ம் வருடச் சட்டப்படி அதுவும் வருடத்திற்கு 15 நாள் கணக்கு. தொழிலாளியைக் காக்க வந்த ஏற்பாடு இது. அதன் நோக்கம் நல்லது. ஆனால் சில முதலாளிகள் இதிலிருந்து கற்ற பாடம் வேறு. அனுமதி கேட்டால் பணம் கொடுக்க வேண்டும். கேட்காமல் போய்விட்டால் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் தோட்டம் இன்னும் இயங்குகிறது. செக்ரோலில் தொழிலாளியின் பேர் இருக்கிறது. பேர் இருப்பதால் அவன் ‘வேலையில்’ இருக்கிறான். வேலையில் இருப்பவனுக்கு வேலையற்றோர் திட்டம் எதற்கு?

இந்த வினோதம் ஒவ்வொரு திட்டத்திலும் தொடர்கிறது. ஆலை மூடியதால் வேலை இழந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. மூலம் உதவித் தொகை தரும் திட்டம் ஒன்று, ராஜீவ் காந்தி பெயரில், 2005 ஏப்ரல் 1 முதல் வந்தது. பின்னர் விரிவுபடுத்தப்பட்டு, முதல் வருடம் சம்பளத்தில் 50 சதவிகிதமும் இரண்டாம் வருடம் 25 சதவிகிதமும் என்று அமைந்தது. புதுத் தொழில் பழகப் பயிற்சியும் உண்டு. நல்ல திட்டம். ஆனால் கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளி இ.எஸ்.ஐ.யின் கட்டாய வரம்புக்கு வெளியே இருந்தவர். 2020-ம் வருட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம்கூட, தோட்ட முதலாளி விரும்பினால் சேரலாம் என்றுதான் சொல்கிறது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தில் மறுபயிற்சி நிதி என்று ஒன்று உண்டு. ஆட்குறைப்புச் செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளத்தை முதலாளி கட்ட வேண்டும். அது தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். கைவிடப்பட்ட தோட்டத்தில் யாரையும் ஆட்குறைப்புச் செய்யவில்லையே! கட்ட வேண்டிய முதலாளியைத் தேட வேண்டிய நிலையில், நிதி எங்கிருந்து வரும்?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. கேரள அரசு 1982 முதல் வேலையற்றோருக்கு உதவித் தொகை கொடுத்து வந்திருக்கிறது. நீண்ட காலமாக அது மாதம் 120 ரூபாய். அதைப் பெறப் பள்ளி இறுதி வகுப்பு, மூன்று வருடப் பதிவு, 35 வயதுக்குள் இருத்தல், குடும்பத்தின் வருட வருமானம் 12,000 ரூபாய்க்குள் இருத்தல் என்று நிபந்தனைகள். தமிழ்நாட்டில் 2006-ல் தொடங்கிய திட்டம், ஐந்து வருடம் பதிந்து காத்திருந்தவர்களுக்குப் படிப்பைப் பொறுத்து மாதம் ஒரு தொகை தருகிறது. இவை படித்த இளைஞரை மனதில் வைத்துச் செய்தவை. 48 வயதில், ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்போடு, கூடையும் கத்தியும் மட்டுமே பழகிய பெண் தொழிலாளிக்கு இதில் இடமில்லை.

சுயதொழில் திட்டங்களும் உண்டு. 1999-ல் வந்த ‘கெஸ்ரு’ திட்டத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை கடன், அதில் ஐந்தில் ஒரு பங்கு மானியம். 2010-ல் வந்த ‘சரண்யா’ விதவையருக்கும், கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும், முப்பது வயது கடந்தும் மணமாகாதவர்களுக்கும் 50,000 ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் தந்தது, பாதி மானியம். பதிந்து பதிந்து வேலை கிடைக்காமலே ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ‘நவஜீவன்’ என்று ஒரு திட்டம். 50 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு 50,000 ரூபாய் வரை கடன், கால் பங்கு மானியம். பெயரே நல்ல பெயர். வேலையில்லாமலே வயதாகிப் போனவர்களை ஒரு சர்க்கார் நினைத்துப் பார்த்ததே பெரிய விஷயம்.

ஆனால் கடன் வேலையாகாது. ஆடு வாங்கலாம், தையல் இயந்திரம் வாங்கலாம், பெட்டிக்கடை போடலாம். லயத்தில் இருக்கும் குடும்பம் அத்தனையும் பணமில்லாமல் இருக்கும்போது பெட்டிக்கடையில் வாங்குவது யார்? தலைமுறை தலைமுறையாகச் சம்பளத்தில் வாழ்ந்தவர்களுக்கு வியாபாரம் உடனே வந்து விடாது. வீட்டு மனையும் அவர்கள் பேரில் இல்லை. ஜாமீனுக்கு என்ன காட்டுவார்கள்? ‘பதிந்தவர்களுக்கு’ என்ற நிபந்தனையிலும் ஒரு சிக்கல் உண்டு. தோட்டத்தில் பேர் போட்டதோடு வாழ்க்கை உறுதியாகிவிட்டது என்று நம்பியவர்கள், வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கும் திசையையே எட்டிப் பார்த்ததில்லை.

மிச்சம் இருப்பது கூலி வேலை உறுதித் திட்டம். பஞ்ச காலத்தில் மகாராஷ்டிரம் 1972-ல் தொடங்கிச் சட்டமாக்கிய யோசனை அது. 2005-ல் நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. கேட்டவருக்கு 15 நாளுக்குள் வேலை, தராவிட்டால் படி. வருடத்திற்கு 100 நாள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்றும், இங்கே தொழிலுறுதி என்றும் அழைக்கப்பட்ட இத்திட்டத்தில் கேரளத்தில் வேலை செய்தவர்கள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். 2025-26-ம் வருடத்துக்கு நிர்ணயமான தினக்கூலி கேரளத்தில் 369 ரூபாய், தமிழ்நாட்டில் 336 ரூபாய். பழங்குடிக் குடும்பங்களுக்கு 100 நாளுக்கு மேலும் 100 நாள் என்று கேரளம் தன் சொந்தப் பொறுப்பில் சேர்த்துக் கொடுத்தது. கல்லாற்றைச் சுற்றியுள்ள காணிக்காரர் குடியிருப்புகளுக்கு இது சிறிய உதவியல்ல. இத்திட்டத் தொழிலாளருக்கென்று 2021-ல் நலநிதிச் சட்டமும் இங்கே நிறைவேறியது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்திற்குப் பதிலாக வேறொன்றை நிறைவேற்றியது. நாள் கணக்கு 125 என்று உயர்ந்தது, வரவேற்கிறோம். ஆனால் கூலிச் செலவு முழுவதையும் மத்திய அரசு ஏற்றது போய், பெரும்பாலான மாநிலங்கள் செலவில் நூற்றுக்கு 40 பங்கு ஏற்க வேண்டும் என்று ஆயிற்று. விவசாய வேலை மும்முரமான காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் இடமுண்டு. நெல் வயல் உள்ள ஊருக்கு அந்த இடைவெளி பொருந்தலாம். அறுப்பும் நடவும் இல்லாத மலைத்தோட்டத்தில் 60 நாள் நிறுத்தம் என்றால் 60 நாள் பட்டினி என்று பொருள். தோட்டப் பகுதிகளுக்கு இதில் விலக்கு வேண்டும் என்று மாநில அரசு இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.

“வேலை கொடுத்துப் பழக்கினால் ஜனங்கள் சோம்பேறிகளாகி விடுவார்கள், தோட்டத்திற்கு ஆள் கிடைக்கவில்லை” என்று ஒரு வாதம் உண்டு. கேரளத் தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்பது வாஸ்தவம். ஒரு மலையில் ஆள் பஞ்சம், இன்னொரு மலையில் வேலைப் பஞ்சம். இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. வேலை இருக்கும் தோட்டத்திற்குப் போனால், பழைய தோட்டத்து லயத்தை விட வேண்டும். லயத்தை விட்டால் கிராஜுவிட்டி பாக்கியைக் கேட்கக் கையில் இருக்கும் ஒரே பிடி போய்விடும். முப்பது வருட உழைப்பின் பலனை அநாமத்தாக விட்டுப் போக யாருக்கு மனம் வரும்? அந்தப் பாக்கிதான் அவர்களைக் கட்டிப் போட்டிருக்கும் கயிறு. 2015-ல் மூணாறில் பெண் தொழிலாளர்கள் தாங்களே திரண்டு போராடியபோது தினக்கூலி 232 ரூபாய்தான். போராட்டத்தின் பலனாக 301 ஆயிற்று. அந்தக் கூலியில் சேமித்து வீடு கட்டியிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் அந்தக் கூலியில் ஒரு மாதம் வாழ்ந்து பார்க்கட்டும்.

இதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் மாஞ்சோலையில் நடந்ததும் நமக்கு எச்சரிக்கை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த நிலம். குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று அறிவித்துத் தொழிலாளரைக் கீழே இறங்கச் சொன்னது. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமே எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றம் வரை போயிற்று. 2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதற்கு உத்தரவிட மறுத்தது. மாஞ்சோலையில் கணக்காவது முடிக்கப்பட்டது. மேற்குச் சரிவில் அதுவும் இல்லை. கிழக்கே இறங்கியவர்களுக்கு வேலை எங்கே என்ற கேள்வி மட்டும் இரண்டு சரிவிலும் ஒன்றாகவே நிற்கிறது.

சர்க்கார் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இலட்சக்கணக்கான தோட்டத் தமிழர் தாயகம் திரும்பும் நிலை வந்தது. அவர்களுக்கென்று தமிழ்நாடு 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. கேரளமும் மத்திய அரசும் சேர்ந்து 1976-ல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனியை அமைத்தன. குளத்துப்புழைக் காட்டோரத்தில் ரப்பர் நட்டார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வேலையும் வீடும் கிடைத்தன. கல்லாற்றிலிருந்து குளத்துப்புழை அடுத்த தாலுகாக்கள் தாண்டும் தூரம்தான். தெரிந்த வேலையை, தெரிந்த மண்ணில், மாதச் சம்பளத்தோடு கொடுத்தார்கள். அங்கே குறைகள் இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் கடல் கடந்து வந்தவர்களுக்குச் செய்ய முடிந்ததை, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செய்ய முடியாதா?

வெளிநாட்டு உதாரணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரியா நாட்டில் மரியன்தால் என்று ஒரு சிறு ஊர். ஒரே ஒரு நூல் ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். 1929-30-ல் ஆலை மூடிற்று. ஏறக்குறைய ஊரே வேலையிழந்தது. மூன்று இளம் ஆராய்ச்சியாளர்கள் அந்த ஊரின் நிலையை ஆராய்ந்து 1933-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். நேரம் நிறையக் கிடைத்தும் ஜனங்கள் நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பது குறைந்து விட்டது. ஆண்கள் தெருவில் நடக்கும் நடையே தளர்ந்தது. வறுமையை விட, செய்ய ஒன்றும் இல்லாத பொழுது மனிதனை அதிகமாக அரித்துத் தின்கிறது என்பதை உலகம் அந்த ஊரிலிருந்து அறிந்தது. லயத்து வாசலில் பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்தவர்களுக்கு இது அந்நிய தேசத்துக் கதையாகத் தோன்றாது.

அதே ஊரில் 2020 அக்டோபரில் அரசின் வேலைவாய்ப்புத் துறை ஒரு சோதனையைத் தொடங்கியது. ஒரு வருடத்துக்கு மேல் வேலையின்றி இருக்கும் எவருக்கும், அவர் விரும்பினால், கட்டாயம் ஒரு வேலை. முதலில் சில வாரப் பயிற்சி. பிறகு தனியார் நிறுவனத்தில் சம்பள மானியத்தோடு வேலை. அங்கே கிடைக்காவிட்டால் ஊருக்குப் பயன்படும் வேலையை உண்டாக்கிக் கொடுப்பது. கூலி, சங்கங்கள் ஒப்புக்கொண்ட விகிதம். நீண்ட நாள் வேலையின்மை அந்த ஊரில் ஏறக்குறைய ஒழிந்தது என்றும், வேலைக்கு வந்தவர்களின் வருமானத்தோடு மனநிலையும் சீர்பட்டது என்றும் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஒரு சிறு ஊரில் நடந்தது பெரிய தேசத்தில் அப்படியே நடக்கும் என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் கல்லாறும் போனக்காடும்கூடச் சிறு ஊர்கள்தான்.

ஆகவே நாம் கேட்பது சில காரியங்களை மட்டும்.

முதலாவது, கணக்கெடுப்பு. தோட்டம் சட்டப்படி மூடப்பட்டதா என்று பார்க்காமல், மாதக் கணக்கில் சம்பளம் கொடுக்காத தோட்டத்தின் தொழிலாளி அத்தனை பேரையும் வேலையற்றவர் என்று தொழில் துறை ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவாகவும், சுயதொழில் திட்டங்களுக்குத் தகுதியாகவும் கருதப்பட வேண்டும். மேற்கு வங்காளத்தில் கதவடைத்த ஆலை, தோட்டத் தொழிலாளருக்கு 1998 முதல் மாத உதவி தரும் திட்டம் நடந்து வந்திருக்கிறது. தொகை 500 ரூபாயில் தொடங்கிப் பிறகு 1,500 ஆயிற்று. கேரள அரசு ஓணத்தை ஒட்டித் தரும் உதவியும் அரிசியும் நல்லதுதான். ஆனால் ஓணம் வருடத்தில் ஒரு முறைதான் வருகிறது, பசி அப்படியல்ல.

இரண்டாவது, பாக்கி. தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குச் சேர வேண்டிய பாக்கிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2006 முதல் நடந்தது. பாக்கியைக் கணக்கிட நீதிபதி சாப்ரே தலைமையில் நியமிக்கப்பட்ட குழுவின் வரம்பில் அஸ்ஸாம், மேற்கு வங்காளம் ஆகியவற்றோடு கேரளமும் தமிழ்நாடும் உண்டு. கணக்கிட்டது கைக்கு வர வேண்டும். தோட்ட நிலத்தையோ மரத்தையோ யாருக்கு, எதற்காக மாற்றிக் கொடுத்தாலும், முதல் பைசா தொழிலாளியின் கிராஜுவிட்டிக்குப் போக வேண்டும். அந்தக் கயிறு அறுந்தால்தான் வேறு வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் நிம்மதியாகப் போக முடியும்.

மூன்றாவது, உள்ளூரிலேயே வேலை. பொன்முடிப் பாதையும் கல்லாறும் வருடந்தோறும் ஆயிரக்கணக்கான பேரை ஈர்க்கின்றன. மீன்முட்டிக்கு வனப் பாதுகாப்புச் சமிதி மூலம் உள்ளூர்வாசிகள் வழிகாட்டிகளாக வேலை செய்வது நல்ல முன்மாதிரி. கல்லாற்றில் குளிக்க இறங்கி உயிரிழப்பவர்களைப் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. ஆற்றோரத்தில் காவலர் போதவில்லை. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிகிறது. குப்பை அகற்ற ஆள் வேண்டும். தோட்ட நிலத்தில் புதர் நீக்கி மறுநடவு செய்யவும், இடிந்து கொண்டிருக்கும் லயங்களைச் சீர் செய்யவும் கைகள் வேண்டும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் உறங்கியவர்கள் உட்பட 70 பேர் மாண்டதற்குப் பிறகும், லயம் பழுது பார்ப்பதை ஒத்திப் போட யாருக்கும் நியாயம் இல்லை. வேலை இவ்வளவு இருக்க, வேலையற்றவரும் இவ்வளவு பேர் இருக்க, இரண்டையும் சேர்த்து வைக்க ஓர் அதிகாரி போதும். அவருக்குப் பணமும் அதிகாரமும் கொடுக்க வேண்டும்.

நான்காவது, மொழியும் சான்றிதழும். கேரளத்தின் 1969-ம் வருட ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் அரசுடன் தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் கொடுத்தது. அந்த உரிமை எந்தப் புதிய ஏற்பாட்டிலும் குறையக் கூடாது. விண்ணப்பப் படிவம் தமிழில் கிடைத்தால் பாதித் தடை நீங்கும். ஜாதிச் சான்றிதழ் விஷயம் இன்னும் கடினம். 1950-க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். கங்காணி கூட்டி வந்த பாட்டனாருக்கு அந்தக் காலத்தில் ரசீது எழுதிக் கொடுத்தது யார்? தோட்டப் பதிவேடுகளும் பள்ளிக்கூடச் சேர்க்கைப் புத்தகமும் ஆதாரமாக ஏற்கப்பட்டால், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் பலருக்குப் படிப்பும் உத்தியோகமும் கைகூடும். தகப்பனுக்கு வேலை போனது ஒரு துன்பம். மகனும் அதே திண்ணைக்கு வந்து சேருவது அதை விடப் பெரிய துன்பம்.

இனி நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதுகிறவர்களும், கட்டட வேலைக்கும் சுமை வேலைக்கும் வந்தவர்களும், ஆபீஸ் குமாஸ்தாக்களும் இதை மலைமேல் இருப்பவர்களின் விவகாரம் என்று ஒதுக்கி விடக் கூடாது. கடை மூடினாலும் காண்ட்ராக்டு முடிந்தாலும் நமக்கும் இதே கதிதான். கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளருக்கென 2010-ல் நலத் திட்டம் வந்தது. 2017-ல் ‘ஆவாஸ்’ இன்ஷூரன்ஸ் வந்தது. அமைப்பு சாராத் தொழிலாளரைப் பதியும் மத்திய அரசின் ‘இ-ஷ்ரம்’ ஏற்பாடு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. இவற்றில் பேரைப் பதிவது ஒரு நாள் வேலை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்திற்கொரு முறை புதுப்பிக்க மறந்து, பத்து வருட மூப்பை இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வேலை கேட்டு விண்ணப்பம் கொடுத்தால் தேதி போட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத விண்ணப்பம் கொடுக்காத விண்ணப்பத்துக்குச் சமம்.

எழுதப் படிக்கத் தெரிந்த குமாஸ்தா நண்பர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் வசூல் செய்வதில் குறையில்லை. அதே ஊக்கத்தோடு விதுராவுக்கு ஒரு பஸ் பிடித்துப் போய், லயம் லயமாகக் கிராஜுவிட்டி மனுக்களை எழுதிக் கொடுத்தால் அந்தக் குடும்பங்கள் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டா. நெடுமங்காடு தாலுகாவின் தொழில் துறை அதிகாரிகளும் அப்போது மனுக்கள் வரவில்லை என்று கைவிரிக்க முடியாது.

தொழிலாளி கேட்பது தர்மம் அல்ல. உழைத்த கூலியின் பாக்கியையும், மறுபடி உழைக்க ஓர் இடத்தையும் கேட்கிறான். இரண்டையும் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வழி இல்லாத இடத்தில் சட்டத்தைத் திருத்த சட்டமன்றமும் நாடாளுமன்றமும் இருக்கின்றன. கைவிடப்பட்ட தோட்டத்தின் தொழிலாளியை வேலையற்றவர் என்று ஒப்புக்கொள்ளும் ஓர் உத்தரவு முதலில் வரட்டும். மற்றவை அதைத் தொடர்ந்து வரும். அந்த உத்தரவை இனியும் தாமதிக்காமல் பிறப்பிக்குமாறு மாநில அரசை வற்புறுத்துகிறோம்.